சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவருக்கு

நேற்று காலை வடக்குத்து ரோட்டில் வண்டிக்குக் காற்றுப் பிடிக்க நின்றேன். கடைக்காரர் வேறொருவரின் சைக்கிள் டியூபைச் சுரண்டி, டின்னிலிருந்து சொல்யூஷனை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தன்னால் தோள்பையைத் திறந்து பேனாவைத் தேடியது. திங்கட்கிழமை, நீங்கள் ஃபாரங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிற நாள் என்று அது நினைத்துக்கொண்டது. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

எழுத்து என்றால் எனக்கு மருந்துச் சீட்டும் ஆராய்ச்சிக் கட்டுரையும்தான். இரண்டிலும் 'நீங்கள்' என்ற சொல்லுக்கு வேலை இல்லை. அதனால் இது முன்னும் பின்னுமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாகப் போதைப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்த்துக் களைத்துப்போன ஒரு மனநல டாக்டருக்கு இவ்வளவுதான் வரும்.

முதல் நாள் நீங்கள் வந்தபோதும் அதே வாசனைதான் முதலில் வந்தது. சுரங்க டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. பின்பக்கம் பத்துக் கட்டில் போட்டுக் குடி மறக்க வைக்கும் வார்டு. என் கணவருக்கு டவுன்ஷிப்பில் இன்ஜினியர் வேலை கிடைத்து நாங்கள் திருச்சியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் புத்தகத்தில் படித்ததையெல்லாம் அப்போதும் நம்பிக்கொண்டிருந்த காலம். உங்கள் மனைவி அஞ்சலை உங்களை முன்னால் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தார். சட்டையெல்லாம் சொல்யூஷன் வாசனை. நான் நேராகக் கேட்டேன், "சொல்யூஷன் மோந்து பாக்கற பழக்கம் உண்டா?"

நீங்கள் அஞ்சலையைப் பார்த்துச் சிரித்தீர்கள். "அது என் வேலைங்க டாக்டரம்மா. மைன்ஸ்ல பெல்ட்டு ஜாயின்ட்டு போடறவன். நான் மோக்கலைன்னாலும் அது என்னை மோந்துகினு இருக்கும்."

பழுப்பு நிலக்கரியைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவரும் நீளமான ரப்பர் பெல்ட் கிழிந்தால், சூடு கொடுத்து ஒட்டுப் போடுகிறவர் நீங்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அஞ்சலை சிரிக்கவில்லை. "சிரிக்காதய்யா. குடிக்கறத சொல்லு" என்றார்.

பத்து நாள் வார்டில் இருந்தீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு மாதத்தில் மறுபடி குடித்தீர்கள். அடுத்த வருஷம் மறுபடி வந்தீர்கள். மறுபடி குடித்தீர்கள். மூன்றாவது தடவை வந்து போனபின் நிறுத்திவிட்டீர்கள். முதல் இரண்டு தடவையும் கொடுத்த அதே மாத்திரை, பேசிய அதே பேச்சு. இந்தத் தடவை மட்டும் எப்படி என்று நான் விடாமல் கேட்டேன். அது ஆராய்ச்சிக்காரியின் பேராசை. நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியலைங்க. அலுத்துப் போச்சு. குடிக்கறதும் ஒரு ஷிப்டு மாதிரி ஆயிடுச்சு. வாரத்துக்கு ஒரு ஆஃப்கூட இல்லாத ஷிப்டு" என்றீர்கள். அதை எந்தக் கட்டுரையிலும் என்னால் எழுத முடியவில்லை. அதைவிடச் சரியாக யாரும் என்னிடம் சொன்னதும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. நல்லபடியாக ஆனவர் எங்களைப் பார்க்க வரமாட்டார். பண்ருட்டிக் கடைத்தெருவில் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். மறுபடி விழுந்தவர்தான் வருவார். அதனால் எங்கள் கண்ணுக்குத் தோல்வி மட்டுமே தெரியும். பத்து வருஷம் அப்படியே பார்த்தால் மனுஷர்மேல் உள்ள நம்பிக்கை மெல்லக் கரைந்துபோகும். வார்டிலிருந்து போனவர்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் வேலையை நான் அதனால்தான் ஆரம்பித்தேன். கடிதம் போட்டேன், திரும்பி வந்தது. போன் போட்டேன், நம்பர் மாறியிருந்தது. பட்டியலில் பெயருக்குப் பெயர் 'தொடர்பு இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

நீங்கள் மாத்திரை வாங்க வந்த ஒரு நாள் மேசையில் அந்தப் பட்டியல் கிடந்தது. என்னவென்று கேட்டீர்கள். சொன்னேன். வராதவர்கள் எல்லாரும் மறுபடி குடித்தவர்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் எங்கள் துறையில் வழக்கம் என்றும் சொன்னேன்.

உங்களுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அதெப்படிங்க? வரலைன்னா குடிகாரனா? எங்க வூட்டு வாசல்ல நின்னு பாத்தாத்தானே தெரியும் உங்களுக்கு? குடுங்க அந்தத் தாள. நான் போய்ப் பாக்கறேன்."

முன்னாள் நோயாளியையே இந்த வேலைக்கு வைப்பதா என்று நகரத்திலிருந்த மூத்த டாக்டர்கள் தயங்கினார்கள். வேறு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. சேர்வதற்கு முன் ஒரு தாளில் உங்களிடம் கையெழுத்து வாங்கினேன். கண்டதையும் கேட்டதையும் வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி. இரண்டு தடவை படித்தீர்கள்.

"யாருகிட்டயும்னா யாருகிட்டயும்தானேங்க?"

"யார்கிட்டயும்தான்."

முழுப் பெயரையும், சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததில் இல்லாமல்போன உங்கள் ஊரின் பெயரையும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டீர்கள்.

வார ஆஃப் அன்றைக்கு உங்கள் டிவிஎஸ் வண்டியில் கிளம்பிவிடுவீர்கள். திருவதிகை, பண்ருட்டி, முந்திரித் தோப்புக்குள் ஒளிந்திருக்கும் ஊர்கள். ஆள் இல்லையென்றால் கிணற்றடியில் விசாரித்து, வேலை செய்கிற இடத்துக்கே போவீர்கள். ஃபாரத்தில் நான் கேட்டவை சாதாரணக் கேள்விகள். போன மாதம் எத்தனை நாள் குடித்தார், எத்தனை நாள் வேலைக்குப் போனார். நீங்கள் அவற்றை நிரப்பிவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் வேறு எதையாவது எழுதி வருவீர்கள். 'கல்யாண போட்டோ சுவத்துல மறுபடி மாட்டியிருக்கு.' 'புள்ள அப்பன் பக்கத்துல உக்காந்து சாப்புடுது.' 'நல்லா இருக்கேன்னாரு. ஆனா நாய்கூட அவருகிட்ட போவல.'

"கேட்டதை மட்டும் எழுதுங்க" என்று கடிந்துகொண்டேன்.

"கேக்காததுதாங்க கண்ணுல படுது" என்றீர்கள்.

பிறகு நான் ஃபாரத்தை வாங்கியதும் ஓரத்தைத்தான் முதலில் படித்தேன். உங்களிடம் அதைச் சொன்னதில்லை. தொடர்பு இல்லை என்று நான் தள்ளி வைத்தவர்களில் எத்தனையோ பேர் குடிக்காமல், சத்தம் போடாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்க வெட்கம், அவ்வளவுதான். அந்தச் சில வருஷங்கள்தான் இந்த வேலையில் நான் களைப்பில்லாமல் இருந்த வருஷங்கள்.

அதன் பிறகு வந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வாரம். நீங்கள் ஃபாரங்களை மேசைமேல் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"என்ன?"

"ஒருத்தரு, நம்ம வார்டுல இருந்து போனவரு. ஸ்கூல் வேன் ஓட்டறாரும்மா. இந்தப் பக்கத்துப் புள்ளைங்கள டவுன்ஷிப்பு ஸ்கூலுக்கு ஏத்திகினு போறாரு. வெள்ளிக்கெழம காலைல ஆறரைக்குப் போனேன். அப்பவே வாசன அடிக்குது."

அவர் பெயரை நான் இப்போதும் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்டபோது அவர், "கதைய எழுதுங்க, பேரு வேணாம்" என்றார். வேன்காரர் என்றே இருக்கட்டும்.

நீங்கள் சொன்னதும் அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. உடனே வந்து பார்க்கும்படி நர்ஸ் மூலம் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. ஆராய்ச்சிக்காக அவர் சொன்ன எதையும் போலீசுக்கோ வேலை கொடுத்தவருக்கோ சொல்ல மாட்டோம் என்று அவருக்கும் தாளில் எழுதிக் கொடுத்திருந்தோம். என் கையெழுத்தும் அதில் இருந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டு, ஆராய்ச்சியை மேற்பார்வை பார்த்த கமிட்டிக்கு அன்றைக்கே கடிதம் எழுதினேன்.

"பதில் வரட்டும்" என்றேன் உங்களிடம்.

"பதில் வர்றதுக்குள்ள வேன் தெனம் ரெண்டு தடவ போவும்மா."

"நான் என்ன செய்யட்டும்? இன்னிக்கு இவரைக் காட்டிக் குடுத்தா, நாளைக்கு ஒருத்தர் உங்களை வாசல்ல ஏத்துவாங்களா? ஒருத்தர் உங்ககிட்ட வாயைத் திறப்பாங்களா?"

"அதுவும் நெசந்தாங்க" என்றீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை வந்து, "வேன் விஷயம் பாத்துக்கினேம்மா. காலைல அவரு குடிக்கறதில்ல இப்ப. நீங்க கவலைப்படாதீங்க" என்றீர்கள்.

எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. இந்த மடலில் நான் ஒளிக்கக் கூடாதது இதுதான், அதனால் எழுதிவிட்டேன்.

அந்தப் பருவம் முழுக்க நீங்கள் மெலிந்துகொண்டே வந்தீர்கள். கண் எப்போதும் சிவந்திருந்தது. ஒரு நாள் என் அறைக்கு வெளியே பெஞ்சில், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டீர்கள். நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபைலை எடுக்கிற சாக்கில் குனிந்து உங்களை மோந்து பார்த்தேன். சாராய வாசனை இல்லை. நிம்மதியாக அறைக்குள் போய்விட்டேன்.

மாசியில் கமிட்டியின் பதில் வந்தது. பிறர் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ரகசியம் காக்கத் தேவையில்லை, தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிக்கலாம் என்று நாலு வரி. அதைப் படித்துவிட்டு, நல்லவேளை, அது ஏற்கனவே முடிந்துபோன விஷயம் என்று ஃபைலில் கோத்துவைத்தேன். உங்களிடம் காட்டக்கூட இல்லை.

சித்திரையில், பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு ஒரு திங்கட்கிழமை, நீங்கள் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"குடிச்சிட்டேம்மா."

"எப்போ?"

"வெள்ளிக்கெழம. அப்புறம் நேத்து. நானே வந்து சொல்லணும்னு வந்தேன்."

நாலரை வருஷம் குடிக்காமல் இருந்தவர். ஏன் என்று கேட்டேன். "உடம்பு ரொம்ப அசந்துபோச்சு" என்றீர்கள். குடித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று. நான் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தகவல் சேகரிப்பவர் ஒரு வருஷமாவது குடிக்காமல் இருக்க வேண்டும் என்று விதி. எழுதியதும் நான்தான். மருந்து எழுதிக் கொடுத்தேன். பிறகு, ஃபாரங்கள் வைக்க நாங்கள் கொடுத்திருந்த பையைத் திருப்பிக் கேட்டேன்.

தோளிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தீர்கள். "இந்த மாசத்துக்கு ஆறு பேரு பாக்கி இருக்காங்கம்மா. திருவதிகைக்காரரு சாயங்காலந்தான் வூட்ல இருப்பாரு. பண்ருட்டி முந்திரிக்கொட்ட உடைக்கற கம்பெனில இருக்காரே, அவருகிட்ட ஆளுங்க எதிர்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டாரு. தனியா கூப்புட்டு கேளுங்க." இதை யாரிடம் சொல்கிறீர்கள் என்று பார்த்தேன். என்னிடம்தான். அடுத்து அந்த வீடுகளுக்கு யார் போகப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த ஆறு பேரையும் பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

நீங்கள் இரண்டு வருஷம் விட்டுவிட்டுக் குடித்தீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஓ.பி.யில் இரண்டொரு முறை கடைசி பெஞ்சில் பார்த்தேன். மாத்திரை வாங்கிக்கொண்டு எழுந்து போனீர்கள். பிறகு வருவதை நிறுத்தினீர்கள். நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்ட பாடம் அது, வராதவர் எல்லாரும் குடிகாரர் இல்லை என்பது. உங்கள் விஷயத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. யாருடைய வைத்தியமும் இல்லாமல் நீங்களே நிறுத்தி, கடைசி ஏழு வருஷம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தீர்கள் என்று சாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்லீரல் அதற்கு முன்பே கெட்டிருந்தது.

நீங்கள் இறந்த அன்று நான் ஊரில் இல்லை. ஒரு கருத்தரங்கில், வார்டிலிருந்து போனவர்கள் பிற்பாடு எப்படி வாழ்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் கொண்டுவந்த ஃபாரங்களை வைத்து எழுதிய கட்டுரை. அதில் நீங்கள் இரண்டு இடத்தில் இருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில், வீடு வீடாகப் போய் உதவிய ஒருவருக்கு நன்றி என்று, பெயர் இல்லாமல். அட்டவணையில், மீண்டும் குடித்தவர்கள் என்ற கட்டத்துக்குள், ஓர் ஆளாக. கேட்டவர்கள் கை தட்டினார்கள். ஊருக்குத் திரும்பி வந்தபோது நர்ஸ் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வேன்காரர் வந்தார். அறைக்குள் வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. இப்போது பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றார். எங்கள் அறைக்கு யாரும் சும்மா வருவதில்லை. காத்திருந்தேன்.

"அண்ணன் செத்துட்டாருன்னு லேட்டாத்தான் தெரியும்மா. அவரு இருந்த வரைக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. இனிமே சொல்லலாம்னு தோணுச்சு."

"எதை?"

"அந்த வருஷம் அவரு என் வேன்ல வந்தத."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இதை நான் ஒரு தடவை எழுதித்தான் ஆக வேண்டும்.

"ஒரு நாள் காலைல ஆறரைக்கு வந்து நின்னாரு. நைட் ஷிப்டு முடிச்சிட்டு நேரா, சட்ட கூட மாத்தாம. 'வாய ஊது'ன்னாரு. கெட்ட வார்த்தல திட்டினேம்மா அவர. அவரு பேசாம வண்டி சாவிய எடுத்து ஜோபில போட்டுகினாரு. 'நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன். ஆனா நீ குடிச்சிருக்கற அன்னிக்கு சாவி குடுக்க மாட்டேன். தெனம் வருவேன்'னாரு. வேற டிரைவர அவரே தேடிகினு வந்து அன்னிக்கு வண்டி ஓட்ட வெச்சாரு. மறுநாளும் வந்தாரு. அதுக்கு மறுநாளும். முன் சீட்டுல கிளீனர் மாதிரி உக்காந்துகினு வருவாரு. புள்ளைங்கள ஏத்தி எறக்குவாரு. சாயங்காலம் நாலு மணிக்கு திரும்பவும் வந்து நிப்பாரு."

"எத்தனை நாள்?"

"முழுப் பரிச்ச முடியற வரைக்கும். ஒரு நாள் தப்பலம்மா. இதுக்காகவே ஃபோர்மேனைக் கெஞ்சி, அடுத்தவங்க நைட் ஷிப்டயெல்லாம் இவரே வாங்கிகினாரு. எப்ப தூங்கறீங்கண்ணன்னு கேட்டா, பெல்ட்டு ஓடறப்ப தூங்கறேன்டான்னு சிரிப்பாரு. மொத ரெண்டு மாசம் நான் குடிச்சிட்டுத்தான் நின்னேன், எத்தினியோ நாளு. அப்புறம் ஒரு நாளு, அவரு மூஞ்சிய பாத்துட்டு என்னால முடியல."

அவர் அழுதார். நான் அழவில்லை. அந்தச் சிவந்த கண்ணும் பெஞ்சில் தூங்கியதும் குனிந்து மோந்து பார்த்ததும் வரிசையாக வந்து நின்றன. 'உடம்பு ரொம்ப அசந்துபோச்சு.' வேன்காரர் குடிப்பதில்லை என்றதுதான் பொய். இதில் நீங்கள் உண்மையைத்தான் சொல்லியிருந்தீர்கள்.

வேன்காரர் போனபின் வாசலில் காத்திருந்தவர்களைப் பார்த்தேன். இப்போது வருகிறவர்கள் வேறு மாதிரி. சாராய வாசனையே இருக்காது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளைகள், முழுக்கைச் சட்டை. நான் முன்பு வைத்தியம் பார்த்தவர்களின் மகன்கள் சிலர். அப்பன் பெயரைச் சொன்னதும் முகம் அடையாளம் தெரிகிறது. அன்றைக்கு எல்லாரையும் பார்த்தேன். எதுவும் மனதில் தங்கவில்லை.

அதன்பின் அஞ்சலையைப் போய்ப் பார்க்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். பயம்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வடக்குத்தில் நீங்கள் கட்டிய வீட்டுக்குப் போனேன். அஞ்சலை முறத்தில் முந்திரிப் பருப்பைக் கொட்டி வைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். வேன்காரர் வந்ததை, நீங்கள் தினமும் போனதை, நான் தெரியாமல் பையை வாங்கிக்கொண்டதை.

அஞ்சலை பருப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும்மா" என்றார்.

"அவர் சொன்னாரா?"

"எங்க சொன்னாரு. ஒரு நா காலைல கடைக்குப் போனவ பாத்தேன், ஸ்கூல் வேன்லேர்ந்து எறங்கி புள்ளைங்கள தூக்கி விட்டுகினு இருக்காரு. வூட்டுக்கு வந்ததும் என்னாய்யா இதுன்னு கேட்டேன். 'கேக்காதடி, கையெழுத்து போட்டிருக்கேன்'னாரு. அந்த வேன்காரன் பக்கத்துல போயி நின்னா தெரியாதா? நான் குடிகாரன் பொண்டாட்டிம்மா."

"அப்போ நான் பையை வாங்கின அன்னிக்கு வந்து சொல்லியிருக்கலாமே? நீங்களாவது."

"சொல்லுன்னுதான் சண்ட போட்டேன். தூக்கம் இல்லாம செத்துத்தானேய்யா கடசில பாட்டில தொட்ட, போயி அவங்ககிட்ட சொல்லு, பைய திருப்பிக் குடுப்பாங்கன்னேன்." அஞ்சலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவரு சொன்னாரு, 'டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா அவங்களும் இதுல மாட்டிக்குவாங்க. குடிக்கறவன்னு தெரிஞ்சும் வேன் ஓட விட்டாங்கன்னு ஆயிடும். அவங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்'னாரு. என்னயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

வாயைத் திறந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுவேன் போலிருந்தது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் வீட்டில் இல்லை.

அஞ்சலை உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். தம்ளரை என் கையில் கொடுக்கும்போது குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே. ராத்திரி தூங்கறீங்களா டாக்டரம்மா?"

மனநல மருத்துவத்தில் எங்களுக்கு முதன்முதலில் சொல்லித்தருகிற கேள்வி அது. தூக்கம் வருகிறதா, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், நடுவில் விழிக்கிறீர்களா. முப்பது வருஷமாக அறைக்குள் நுழைந்த ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறேன். துணைக்கு வந்தவர்களிடம்கூடக் கேட்டிருக்கிறேன். ஐப்பசியிலிருந்து சித்திரை வரை திங்கட்கிழமை தவறாமல் என் எதிரே உட்கார்ந்த உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் என் நோயாளி என்பதையே மறந்திருந்தேன். என்னோடு வேலை செய்கிறவர் என்று நினைத்துவிட்டேன். அதைப் பெருமை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பீர்கள், தெரியும். பொய் சொல்லவாவது உங்களுக்கு நான் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

"தூங்கறேன்" என்றேன் அஞ்சலையிடம். அவர் நம்பவில்லை. கிளம்பும்போது ஒரு கவரில் பருப்பு போட்டுக் கொடுத்து, "பாலுல அரைச்சுக் குடிங்க, தூக்கம் வரும்" என்றார்.

கட்டுரை அச்சாகிவிட்டது. அந்தக் கட்டத்திலிருந்து உங்களை எடுக்க இனி முடியாது. மீண்டும் குடித்தவர் என்பது பொய்யும் இல்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் ஓ.பி. மட்டும் பார்க்கிறேன். இதையும் நிறுத்து என்று வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்தலாம்தான்.

நாளைக் காலை ஒரு பையன் வருவான். ஐந்தாவது தடவை. மறுபடி ஊசி போட்டுக்கொண்டேன் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான். முன்பெல்லாம் அந்த இடத்தில் பேனாவை எடுத்துவிடுவேன். இப்போது தூக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்புறம் அதற்கு முந்தைய நாள், அதற்கு முந்தைய வாரம், எங்கே போனாய், யாருக்காகப் போனாய். பதில் வருகிற வரையில் உட்கார்ந்திருப்பேன். வெளியே வரிசை நீளும், நர்ஸ் முணுமுணுப்பார். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான் அண்ணே. நீங்கள் இருந்தபோது ஒரு தடவைகூட உங்களை இப்படிக் கூப்பிட்டதில்லை.